ஒரு ஆல்டர்நேட்டர், இரண்டு பேட்டரி: கேம்பர் வேன் வயரிங்கில் கைதேர்வது எப்படி?

வேனுக்குள்ளேயே ஃப்ரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபேன் என்று சிறு வீட்டை அமைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுநாள் பழக்கம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஐடிஐயில் ஆட்டோ எலக்ட்ரிகல் படித்தவர்களும் பட்டறையில் தொழில் பழகியவர்களும் இத்தகைய வேன்களின் வயரிங் வேலையைக் கற்றுவைப்பது நல்லது.

வேலையின் சாரம் இரண்டே நிபந்தனைகள். வண்டி ஓடும்போது ஒரே ஆல்டர்நேட்டர் இன்ஜின் பேட்டரி, வீட்டு பேட்டரி இரண்டையும் சார்ஜ் செய்ய வேண்டும். வண்டி நிற்கும்போது வீட்டு லோடு இன்ஜின் பேட்டரியைத் தொடவே கூடாது. இரண்டாவது தவறினால், இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடி, காலையில் நடுக்காட்டில் செல்ஃப் எடுக்காது.

1. முதலில் பேட்டரியைப் படியுங்கள்

இன்ஜின் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்குப் பெரிய கரண்ட் தருவதற்காகவே செய்தவை. அதை அடிக்கடி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் கெடும். வீட்டு பேட்டரிக்கு டீப் சைக்கிள் லெட் ஆசிட் அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வேண்டும். லெட் ஆசிட்டில் பாதிக்குமேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் நீடிக்கும். லித்தியத்தில் 80 சதவீதம்வரை தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று அறிய, ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் பொருத்துங்கள்.

2. நேராக இணைக்காதீர்கள்

இரண்டு பேட்டரியையும் நேராகக் கேபிளில் கோர்ப்பது, வால்வு இல்லாத குழாயால் இரண்டு தொட்டிகளை இணைப்பது போன்றது. ஒன்று காலியானால் மற்றதும் காலியாகும். இணைப்பை எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்று தீர்மானிக்க ஒரு கருவி வேண்டும். வழிகள் நான்கு.

- கைச் சுவிட்ச்: மலிவானது. ஆனால் இரவில் அணைக்க மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது.
- டயோடு ஐசோலேட்டர்: கரண்ட் திரும்பிப் பாயாது. சாதாரண சிலிக்கான் டயோடு சுமார் 0.7 வோல்ட்டை விழுங்குவதால் பேட்டரி முழுதாக நிறையாது.
- வோல்டேஜ் உணரும் ரிலே: பொதுவாக 13.3 வோல்ட்டை ஒட்டிச் சேரும், 12.8ஐ ஒட்டிப் பிரியும். பழைய வகை ஆல்டர்நேட்டரும் இரண்டு லெட் ஆசிட் பேட்டரியும் உள்ள வண்டிக்கு இதுவே போதும்.
- டிசி-டிசி சார்ஜர்: வருகிற வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும், வீட்டு பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜையும் கரண்ட்டையும் அளவாகத் தரும்.

3. எந்த வண்டிக்கு எது?

ஐரோப்பாவின் யூரோ 6, இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 போன்ற புகை விதிகளுக்கு ஏற்பச் செய்த பல வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த அது ஓட்டத்தின் நடுவே வோல்டேஜைக் குறைக்கும். வேகம் தணியும்போது உயர்த்தும். வோல்டேஜை நம்பிச் செயல்படும் ரிலே இங்கே சேர்ந்து சேர்ந்து பிரியும். நாள் முழுக்க ஓட்டியும் வீட்டு பேட்டரி நிறையாமல் போகலாம்.

லித்தியத்துக்கும் அந்த ரிலே ஒத்துவராது, காரணம் இரண்டு. இன்ஜின் அணைந்த பிறகும் லித்தியம் 13 வோல்ட்டைத் தாங்கி நிற்பதால் ரிலே பிரியாமலே இருந்துவிடும். மேலும், உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும். ஐட்லிங்கில் ஆல்டர்நேட்டரின் குளிர்விக்கும் விசிறி மெதுவாகவே சுழலும் என்பதால், அந்த லோடில் அது சூடேறிக் கருகலாம்.

ஆகவே ஸ்மார்ட் ஆல்டர்நேட்டரோ லித்தியமோ, இரண்டில் ஒன்று இருந்தாலே டிசி-டிசி சார்ஜர்தான். இன்ஜின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்யும்படி இக்னிஷன் ஒயரையும் இணைக்கப் பாருங்கள்.

4. கேபிள் கணக்கைப் போடுங்கள்

30 ஆம்பியர் தரும் சார்ஜர் இன்ஜின் பக்கத்திலிருந்து 40 ஆம்பியர்வரை இழுக்கலாம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று வையுங்கள். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. கேபிளில் இழப்பு 0.45 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும். கேபிளின் இருபுறமும் பேட்டரி இருக்கிறது; நடுவில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஃபியூஸை அந்தந்த பேட்டரிக்கு மிக அருகிலேயே வையுங்கள். அதன் அளவு கேபிள் தாங்கும் கரண்ட்டைத் தாண்டக்கூடாது.

இன்ஜின் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்ட்டை அளக்கும் சென்சார் இருந்தால், உங்கள் எர்த் ஒயரை அந்த முனையில் மாட்டாதீர்கள். பாடியில் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இடத்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் சென்சாருக்குத் தெரியாமல் கரண்ட் போய், வண்டியின் கணக்கு தப்பும்.

5. கருவியும் பழக்கமும்

டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். விலை குறைந்த பல மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும். லக் அழுத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் சூடாகும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கழற்றாதீர்கள். திடீரென எகிறும் வோல்டேஜ் ஆல்டர்நேட்டர் டயோடுகளைக் கெடுத்துவிடும்.

6. வண்டியை ஒப்படைக்கும்போது

ஐட்லிங்கிலும், இன்ஜின் வேகத்தைக் கூட்டியும் இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் சார்ஜிங் கரண்ட்டையும் அளந்து தாளில் எழுதுங்கள். அரை மணி நேரம் ஓடியபின் லக்குகள் சூடேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, வீட்டு லோடைப் போட்டு, இன்ஜின் பேட்டரியிலிருந்து கரண்ட் போகவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

வாடிக்கையாளருக்கு நேரத்தைக் கணக்கிட்டும் சொல்லுங்கள். பாதி இறங்கிய 100 ஆம்பியர்-அவர் லித்தியம், 30 ஆம்பியர் சார்ஜரில் நிறைய ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேர ஓட்டம் வேண்டும். லெட் ஆசிட் என்றால் கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். இன்னும் பல மணி நேரம் பிடிக்கும்.

அளக்கும் வேலைக்கும் தனிக் கூலி கேளுங்கள், அது நியாயமானது. அளவுகள் எழுதிய தாளின் ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுத்து, இன்னொன்றை உங்கள் கோப்பில் வையுங்கள். அந்த வண்டி அடுத்த முறை பட்டறைக்கு வரும்போது பழுதைத் தேட நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தாள்தான்.