தொப்புள்கொடி ரத்தம்: பூட்டி வைப்பதா, பொதுவில் கொடுப்பதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பிரசவத்துக்குப் பதிவு செய்யும் சகோதரிகளின் கைக்கு ஒரு வண்ணக் கையேடு வந்து சேர்கிறது. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தால், நாளை அதற்கு நோய் வரும்போது அதுவே மருந்தாகும் என்கிறார்கள். கட்டணம் பல பத்தாயிரம் ரூபாய். நகையை அடகு வைத்தாவது கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நமது பதில்: வேண்டாம்.

கொடியை வெட்டிய பின் அதிலும் நஞ்சிலும் தங்கும் சிறிதளவு ரத்தத்தில், ரத்தத்தையே உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜைக்குப் பதிலாக இதை ஏற்றலாம் என்பது 1988இல் பாரிஸில் தெளிவானது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயுள்ள அமெரிக்கச் சிறுவனுக்கு டாக்டர் எலியான் குளுக்மன் குழுவினர் கொடி ரத்தம் ஏற்றினர். அது அவனுடையது அல்ல, அவனுடைய தங்கையுடையது. விஷயமே இங்குதான் இருக்கிறது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே குறை இருக்கும். அதை எத்தனை ஆண்டு உறைய வைத்தாலும் அக்குழந்தையின் தலசீமியாவுக்கு மருந்தாகாது.

தனியார் சேமிப்பு 'உயிரியல் காப்பீடு' ஆகாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் கூறியது. ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் ஏற்கெனவே தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளை இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி ரத்தத்தைக் கட்டாயம் சேமிக்க வேண்டும்.

உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்றவர்கள் வெளியே தேட வேண்டும். திசுப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியில் கிடைப்பது. தமிழர்கள் கொடுக்காத வங்கியில் தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தம் கிடைப்பது அரிது. நமக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் தலசீமியா ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது. மாமன் மகள், மாமன் மகன் என்பதால் அதைத் தவிர்க்கக் கூடாது. அங்கேதான் அது அதிகம் தேவை.

பொது வங்கியில் கொடுப்பவர் பணம் கட்டுவதில்லை. அந்த ரத்தம் பொருந்தும் எவருக்கும் போகும். சென்னையில் ஜீவன் அமைப்பு 2008இல் இத்தகைய வங்கியைத் தொடங்கியது. ஒவ்வொரு பையையும் பரிசோதித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் காக்கும் செலவு மிகப் பெரிது. தாயிடம் வாங்காத அந்தப் பணத்தை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். வசதியுள்ளோரின் ஸதகாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு என்பது நமது கருத்து.

மார்க்க ரீதியாகத் தயங்குவோருக்கு: பெற்றோர் சம்மதத்துடன் கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எடுப்பதை மக்காவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 2003இல் அனுமதித்தது. பால்குடி உறவைப் போல இதிலும் மஹ்ரம் உறவு வந்துவிடுமோ என்ற கேள்வியும் எழுகிறது. ரத்தம் ஏற்றுவதால் அவ்வுறவு ஏற்படாது என்பதே அறிஞர்களின் தீர்ப்பு.

கொடுக்க விரும்புவோர் வலி கண்ட பிறகு கேட்டால் நடக்காது. ஏழாம் மாதத்திலேயே மருத்துவரிடம், பொது வங்கிக்குச் சேகரிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தம் எடுப்பதற்காகக் கொடியை அவசரமாக வெட்ட விடாதீர்கள். குறைந்தது ஒரு நிமிடம் பொறுப்பது குழந்தையின் இரும்புச்சத்துக்கு நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்பாடு இல்லையென்றால், வீட்டிலுள்ள பதினெட்டு வயது கடந்த இளைஞர்கள் சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' கொடையாளர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பதோடு அன்றைய வேலை முடிந்துவிடும்.