கேட்டதுதான் வந்ததா?

சர்வர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! இன்னொரு கணினியிலிருந்து ஃபைல் எடுக்க நாம் தினமும் அடிக்கும் கமாண்ட் எஸ்சிபி. அதில் பல்லாண்டு கிடந்த ஓட்டையை வைத்தே இந்த ஏழு அறிவுரைகளைச் சொல்கிறேன்.

1. பழையது என்பதற்காகப் பத்திரமானது என்று எண்ணாதீர்கள். எஸ்சிபிக்கு மூலமான ஆர்சிபி 1983-ல் வந்தது. அன்றைய கணினிகள் ஒன்றையொன்று நம்பின. அந்த நம்பிக்கை அப்படியே எஸ்சிபிக்கும் வந்து சேர்ந்தது.

2. ஓட்டை எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு ஃபைலைக் கேட்டதும் சர்வர் ஒரு வரி அனுப்பும்: 'சி' என்ற எழுத்து, 0644 போன்ற அனுமதி எண், பைட் அளவு, ஃபைல் பெயர். பெயரை எழுதுவது சர்வர். அது நாம் கேட்ட பெயர்தானா என்று பழைய எஸ்சிபி சரியாகப் பார்க்கவில்லை. ஹோம் டைரக்டரியில் நின்று எடுத்தால், புள்ளியில் தொடங்கும் ஷெல் ஃபைல் ஒன்றைக் கெட்ட சர்வர் அங்கே எழுதிவிடலாம். அடுத்த முறை ஷெல்லைத் திறக்கும்போது அதில் எழுதியுள்ள கமாண்ட் ஓடும்.

3. திரையை மட்டும் நம்பாதீர்கள். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த ஹாரி சின்டோனென் 2019 ஜனவரியில் இன்னொன்றும் காட்டினார்: கூடுதலாக வந்த ஃபைலின் பெயர் திரையில் தெரியாதபடி சர்வரே மறைக்கலாம். எடுத்து முடித்ததும் மறைவு ஃபைல்களையும் சேர்த்துப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.

4. புதிதாக ஒரு காலி டைரக்டரி உண்டாக்கி அதில் இறக்குங்கள். ரூட்டாக இருந்து எடுக்காதீர்கள்.

5. ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் கை நிற்கட்டும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்காமல் பழைய கீயை அழிக்காதீர்கள். கீ சரியாக இருந்தாலும், என்கிரிப்ஷன் வழியைத்தான் காக்கும். மறுமுனையில் இருப்பவன் நல்லவனா என்று சொல்லாது.

6. வெர்ஷனைப் பாருங்கள். எஸ்சிபியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின், 2019 ஏப்ரலில் வந்த 8.0 வெர்ஷன் பெயரைச் சரிபார்க்கத் தொடங்கியது. எஸ்சிபி முறையே பழசு, எளிதில் திருத்த முடியாது என்று அதை எழுதியவர்களே அப்போது சொன்னார்கள். 2022 ஏப்ரலில் வந்த 9.0 முதல், எஸ்சிபி என்று அடித்தாலும் உள்ளே வழக்கமாக ஓடுவது எஸ்எஃப்டிபி என்ற வேறு முறை.

7. கருவியை மாற்றியதோடு கவலை தீர்ந்ததென்று இருக்காதீர்கள். ஃபைல் எடுக்க உதவும் இன்னொரு கருவியான ஆர்சிங்க்கிலும் இதே வகை ஓட்டை 2022-ல் வெளிப்பட்டது.

கடையில் வாங்கிய பொட்டலத்தை வீட்டில் பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? சர்வரிலிருந்து வருவதையும் அப்படியே பாருங்கள். இன்றே உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மெஷினிலும் வெர்ஷனைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.