கம்பம் பள்ளத்தாக்குக் கவிஞர்கள்

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்திற்கும் இடையே, மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் உளது. அதனை அடுத்த குன்றைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைத்தற்கு 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு இசைந்தபோது, அவ்வூரின் பெயர் பிறநாட்டு அறிஞர் செவிக்கும் எட்டியது. அதனால் எழுந்த வாதங்கள் ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அல்ல. அவ்வூரை நடுவாகக் கொண்டு சுற்றுப்புறத்தை நோக்குவோமாயின், தமிழ்க் கவிதையின் போக்கை நம் காலத்தில் மாற்றிய கவிஞர் பலர் அந்நிலத்தைச் சார்ந்தோர் என்பது புலனாகும். அவருள் ஒருவரைப் போல் மற்றொருவர் இல்லை. அவ்வேற்றுமைக்குக் காரணம் யாதென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நிலத்திற்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று உண்டானதன்று. பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும், பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் செப்பேடுகள் சின்னமனூரிலே கிடைத்தன. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் கடந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கவே, வயல்கள் செழித்தன. ஆயினும் காணி நிலமும் இல்லாதார் பலர், மலைமேலுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களை நாடிக் கூலிக்குச் செல்வாராயினர். வளமும் வறுமையும் அருகருகே நின்ற இந்நிலையே நம் கவிஞர்களுக்குப் பொருளாயிற்று.

முதற்கண் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனைக் கருதுவோம். இசையமைப்பாளர் இளையராஜாவின் தமையனார் என்றே இன்று பலரும் இவரை அறிவர். இவரோ பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஆர்மோனியத்துடன் பாடித் திரிந்த மக்கட் பாவலர். 1958ஆம் ஆண்டில் கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. அங்குள்ள தோட்டத் தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். அவர்களிடையே தம்பியருடன் சென்று பாடினார் பாவலர். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டில், அன்றைய செய்தியைப் புதுச் சொற்களால் அமைப்பது அவர்தம் முறை. மெட்டு பழையதாதலின் கேட்போர் நெஞ்சில் எளிதில் தங்கும். சொல் புதிதாதலின் சிந்தனையைத் தூண்டும். எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாடுதற்கு ஏற்ற வடிவம் இதனினும் வேறு உண்டோ? 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இனி, அச்சேறிய கவிதைக்கு வருவோம். தம் பெயரின் முதலெழுத்திலேயே சின்னமனூரைத் தாங்கி, வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா, 1959ஆம் ஆண்டில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார். சீரும் தளையும் நீங்கிய புதுக்கவிதைக்கு அவ்விதழ் இடமளித்தது. யாப்பில்லாதது கவிதையாமோ என்று புலவர் பலர் வினவினர். அவ்வினாவிற்குப் பின்வந்தோர் தம் படைப்பினாலேயே விடை கூறினர்.

அவ்வாறு கூறியவருள் இருவர் நம் பள்ளத்தாக்கினர். போடிநாயக்கனூரை அடுத்த மீனாட்சிபுரத்தில் 1942இல் பிறந்த நா. காமராசன், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராய் ஈடுபட்டவர். உடலை விற்றுண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்டிரையும், ஊராரால் எள்ளப்பட்ட திருநங்கையரையும் ‘கறுப்பு மலர்கள்’ என்னும் நூலில் கவிதைக்கு உரியவராக்கினார். அந்நாளில் பிறர் பேசவும் நாணிய பொருள்கள் இவை. பெரியகுளத்தில் 1945இல் பிறந்த மு. மேத்தாவோ, கோவையில் 1971இல் எழுந்த வானம்பாடி இயக்கத்துடன் சேர்த்து எண்ணப்படுபவர். மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். 1974இல் வெளிவந்த இவரது ‘கண்ணீர்ப் பூக்கள்’ மாணவர் கைகளில் பதிப்புப் பல கண்டது. நபிகள் நாயகத்தின் வரலாற்றையும் புதுக்கவிதையில் பாடியுள்ளார். 2006ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது இவருக்குக் கிடைத்தது.

வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் வழி வேறு. 1953இல் இவர் பிறந்த மெட்டூர், வைகை அணையின் நீர்ப்பரப்புக்கு இடங்கொடுத்து மறைந்த ஊர்களுள் ஒன்று. 1959இல் திறக்கப்பட்ட அவ்வணை பிற நிலங்களுக்குப் பயன் தந்தது; வீடும் நிலமும் இழந்தோர்க்கோ ஆறாத் துயரானது. 1972இல் ‘வைகறை மேகங்கள்’ என்னும் கவிதைத் தொகுதியுடன் தொடங்கி, 1980 முதல் திரைப்பாடல்களால் புகழ்பெற்ற இவர், அத்துயரைச் சொல்லத் திரைப்பாட்டைத் தேர்ந்திலர், உரைநடையைத் தேர்ந்தனர். பேயத்தேவர் என்னும் முதிய உழவரைத் தலைவராகக் கொண்ட ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அவ்வாறு பிறந்தது. 2003ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதையும் பெற்றது.

நிற்க. இவருள் யார் சிறந்தவர் என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. அவ்வினாவைச் சற்றே மாற்றி, ‘இக்கவிதை யாரிடம் சென்று சேர வேண்டியிருந்தது?’ என்று கேட்டல் நலம். தேயிலைத் தோட்டத்துக் கூலியாளிடம் சேர வேண்டிய சொல்லுக்கு மெட்டு தேவை. படித்தவனைத் தனிமையில் நாணச் செய்யவேண்டிய சொல்லுக்கு அச்சிட்ட தாள் தேவை. நீரில் மூழ்கிய ஊரின் வாழ்வை முழுதும் காட்டுதற்கு நெடிய கதை தேவை. வடிவம் கவிஞன் மனம்போனவாறு அணியும் ஆடையன்று. கேட்போன் நிலை அதனைத் தெரிந்து தருகின்றது.

ஆயினும் ஒரு வேற்றுமையை நாம் மறத்தல் ஆகாது. நூலாய் வந்தன நூலகத்தில் நிலைபெறும். விருது பெற்றன பாடத்தில் இடம்பெறும். மேடையில் பாடப்பட்டதோ கேட்டவர் நினைவையே பெரிதும் நம்பி நிற்பது. 1958இல் தேவிகுளத்து மலைச்சரிவில் அப்பாடல்களைக் கேட்ட இளைஞர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். அவர் மறையுந்தோறும் பாட்டின் ஓர் அடியும், அதற்குரிய மெட்டும், அது பிறந்த சூழலும் உடன் மறைகின்றன. ஏட்டில் உள்ளதே இலக்கியம் என்று நாம் வாளாவிருந்தால், நம் மண்ணின் கவிதையுள் ஒரு பாதியை நாமே இழந்தவராவோம்.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் இல்லத்து முதியோரை அணுகிக் கேளுங்கள். அவர் பாடுவதைச் சொல் மாறாது எழுதிக் கொள்ளுங்கள். பாடியவர் யார், எவ்விடம், எவ்வாண்டு, எந்த மெட்டு என்பவற்றையும் உடன் குறியுங்கள். எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் சேர்ப்பியுங்கள். இப்பணிக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். காலம் மட்டும் நமக்காகக் காத்திராது.