மாத்திரை வீட்டுக்கு வருது; கால் பலம்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவனியாபுரத்துப் பெரியவர்களுக்கும் உண்டு. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரும். கால் பலத்தை நாமதான் சம்பாதிக்கணும்.

வயது ஏற ஏற தசை கரையும். குளியலறையில் வழுக்கினால் சமாளித்து நிற்க அந்தத் தசைதான் வேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கலாமா? செல்போனில் 30 நொடி டைமர் வைங்க. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, எழுந்து எழுந்து உட்காருங்க. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11 தடவைக்குக் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் இருக்கு. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திடுங்க.

“தினமும் நடக்கிறேனே” என்பீர்கள். நல்லதுதான், வாரம் 150 நிமிடம் நடங்க. ஆனால் 65 வயது தாண்டியவர்களுக்குத் தசைப் பயிற்சி 2 நாள், தடுமாறாமல் நிற்கும் பயிற்சி 3 நாள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்தே சொல்கிறது. இதே நாற்காலிப் பயிற்சியும், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பதும் ஆரம்பத்துக்குப் போதும். மதுரை வெயில் ஏறுமுன் முடிச்சிடுங்க.

காலையில் இட்லி, சட்னியோடு ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சேருங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கிட்டுச் சேர்க்கணும். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்!

எழுந்து நடக்கவே சிரமப்படுவோருக்கு இதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. மாத்திரை கொண்டு வருபவரிடம் சொல்லி வைங்க, அல்லது 104-ல் கேளுங்க.