வெளிநாட்டு வேலை ஒப்பந்தம்: பிணக்கு வந்தால் எந்தக் கடதாசி பேசும்?

மருதமுனை முதல் பொத்துவில் வரையான எமது கரையோர ஊர்களில் வியாபாரமும் வளைகுடாச் சம்பளமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. எத்தனையோ கடைகளின் முதற் பணம் றியாத்திலும் தோஹாவிலும் உழைத்த பணமாகும். இன்றும் மகனை, மருமகனை, சகோதரியின் பிள்ளையை அனுப்புவதற்கு நகையை அடகு வைக்கும் வீட்டார் முதலில் கேட்டு வருவது கடைக்காரரிடம்தான். அவர் பணம் கொடுக்கிறார், அல்லது பிணை நிற்கிறார். எனவே அங்கு முதலாளியோடு ஏற்படும் சம்பளப் பிணக்கு மூன்று மாதத்தில் இங்குள்ள கடன் கொப்பிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இதை வர்த்தகப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

வழமையாக நாம் கேட்கும் முறைப்பாடு இதுதான். "காசாளர் வேலை, 1,500 றியால் என்று சொன்னார்கள். போய் இறங்கினால் 1,000 றியாலுக்கு மூட்டை தூக்கச் சொல்கிறார்கள்." இதைக் கேட்டதும் ஏஜன்சிக்காரரை ஏசுகிறோம், கபீலை ஏசுகிறோம். ஏசுவது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் எந்த நாட்டு அதிகாரியும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பதிவிலுள்ள ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இங்கேதான் எமது பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஒரு பயணத்தில் குறைந்தது மூன்று கடதாசிகள் உண்டு. ஒன்று, சப் ஏஜன்ட் வாயால் சொன்னதும் அவர் காட்டிய 'ஓஃபர் லெட்டரும்'. இரண்டாவது, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யும்போது கொடுக்கப்பட்ட ஒப்பந்தம். மூன்றாவது, போய்ச் சேர்ந்த நாட்டின் தொழில் அமைச்சில் பதிவான ஒப்பந்தம். அங்குள்ள அலுவலகத்தில் கடைசியாகச் சொன்னதற்கே பலம் அதிகம். சவூதி தொழிற் சட்டம் (2005ஆம் ஆண்டு, அரச ஆணை எம்/51) அரபு மொழியிலுள்ள வாசகமே மேலோங்கும் என்று 9ஆம் பிரிவில் கூறுகின்றது. கட்டார் சட்டத்திலும் (2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) நிலை அதுவே. ஆங்கிலத்தில் 1,500 என்றும் அரபியில் 1,200 என்றும் இருந்தால், 1,200தான் பேசும்.

ஒரு கொள்கலன் பொருள் இறக்கும் வியாபாரி, இன்வொய்ஸில் உள்ளதும் வங்கிக் கடிதத்தில் உள்ளதும் ஒத்திருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்பார். ஒரு சொல் பிசகினால் வங்கி பணம் விடாது என்பது அவருக்குத் தெரியும். அதே வியாபாரி தன் மகன் ஒப்பமிடும் இரண்டு வருட ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது வாசித்துப் பார்க்கிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. மத்ரஸாவில் அரபு படித்த ஒருவர் இல்லாத தெரு எமது ஊர்களில் இல்லை. அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து நான்கு இடங்களை மட்டும் வாசிக்கச் சொன்னால் போதும்: தொழிலின் பெயர், அடிப்படைச் சம்பளம், உணவும் தங்குமிடமும் யார் பொறுப்பு, தகுதிகாண் காலம்.

கட்டாருக்குச் செல்வோருக்கு ஒரு வசதி உண்டு. 2018இல் கொழும்பில் திறக்கப்பட்ட கட்டார் விசா நிலையத்தில் கைரேகை, மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பந்தமும் இங்கேயே ஒப்பமிடப்படுகின்றது. அங்கே வாசித்துப் பார்த்து, சொன்னதற்கு மாறாக இருந்தால் ஒப்பமிடாமல் திரும்பலாம். விமானத்தில் ஏறியபின் அந்தச் சுதந்திரம் இல்லை. கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். உணவும் தங்குமிடமும் முதலாளி தராவிட்டால் அவற்றுக்கென 300, 500 றியால் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். இதற்குக் குறைவாக எழுதிய ஒப்பந்தத்தை யாராவது நீட்டினால் அங்கேயே கேள்வி கேட்கலாம்.

சவூதியில் ஒப்பந்தங்கள் 'கிவா' எனும் இணையத் தளத்தில் பதிவாகின்றன. தொழிலாளி தன் அக்காமா இலக்கத்தைக் கொண்டு கணக்குத் திறந்து ஒப்பந்தத்தைப் பார்க்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். அக்காமா கையில் கிடைத்த அன்றே இதைச் செய்ய வேண்டும். கணக்கையும் இரகசியச் சொல்லையும் கம்பனி எழுத்தரிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு "நான் ஏற்கவில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

ராஜினாமாக் கடிதத்தின் விலை

பிணக்கு முற்றியதும் எமது ஆட்கள் செய்யும் இரண்டு காரியங்கள் அவர்களுடைய வழக்கை அவர்களே கெடுத்துவிடுகின்றன. ஒன்று, கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதுவது. மற்றையது, வேலைத்தளத்தை விட்டு ஓடுவது.

முதலாவதைக் கணக்காகப் பார்ப்போம். சவூதிச் சட்டத்தில் சேவைக்காலக் கொடுப்பனவு முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடமொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். இது 84ஆம் பிரிவு. ஆனால் தொழிலாளி தானாக விலகினால் 85ஆம் பிரிவு குறுக்கே வருகின்றது. இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒன்றுமில்லை. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு. ஐந்து முதல் பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு. பத்து வருடம் முடித்தவருக்கே முழுத்தொகை.

நிந்தவூரைச் சேர்ந்த ஒருவர் 1,500 றியால் சம்பளத்தில் நான்கு வருடம் வேலை செய்தார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு முழுத்தொகை 750 வீதம் நான்கு வருடத்துக்கு 3,000 றியால். மூன்று மாதம் சம்பளம் வராமல் வெறுத்துப்போய், "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுத்தர் நீட்டிய படிவத்தில் ஒப்பமிட்டால் அது 1,000 றியாலாகச் சுருங்கிவிடுகின்றது. அதே ஆள், "முதலாளி சம்பளம் தராமல் ஒப்பந்தத்தை மீறியதால் 81ஆம் பிரிவின் கீழ் விலகுகிறேன்" என்று எழுதி முறைப்பாட்டையும் பதிவு செய்திருந்தால், அவரது உரிமைகள் முழுமையாக நிற்கும். அந்தப் பிரிவு, முதலாளி தன் அடிப்படைக் கடமைகளை நிறைவேற்றாதபோது முன்னறிவித்தல் இன்றியே விலகுவதற்குத் தொழிலாளிக்கு இடமளிக்கின்றது. ஒரு வரியின் வித்தியாசம் 2,000 றியால்!

இன்னொன்று, "எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற கடதாசி. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பமிட்டாலும் அது செல்லாது என்று 8ஆம் பிரிவு பாதுகாக்கின்றது. அவருக்கு அதிக நன்மை தரும் உடன்பாடு மட்டுமே செல்லும். ஆனால் ஒப்பந்தம் முடிந்தபின் ஒப்பமிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. விமான டிக்கட்டைக் காட்டி ஒப்பம் கேட்கும் நேரம் பெரும்பாலும் அதுதான். பணம் கணக்கில் விழுந்தபின் ஒப்பமிடலாம். வேலை முடிந்து ஒரு வாரத்துக்குள், தொழிலாளியே விலகியிருந்தால் இரண்டு வாரத்துக்குள், கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதும் சட்டமே (88ஆம் பிரிவு).

இரண்டாவது காரியம் ஓடுவது. சவூதியில் இருந்து வந்தோருக்கு 'ஹுரூப்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. முதலாளி சம்பளம் தராததற்காக வேறொரு கடையில் போய் நின்றவர், மறுநாளே சட்டத்தின் பார்வையில் குற்றவாளியாகிவிடுகிறார். சம்பளம் தராதவர் முறைப்பாட்டாளராகிவிடுகிறார். 2022இல் கொண்டுவரப்பட்ட மாற்றத்தின்படி, வேலைக்கு வரவில்லை என முதலாளி அறிவித்தால் வேறு முதலாளிக்கு மாறவோ நாடு திரும்பவோ 60 நாட்கள் உண்டு. அந்த அவகாசத்தைத் தெரியாமலே கடத்திவிடுவோர் பலர்.

ஓடத் தேவையில்லாத வழியும் இருக்கின்றது. 2021 மார்ச் 14இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின் கீழ், மூன்று மாதம் தொடர்ச்சியாகச் சம்பளம் வராவிட்டாலோ, நாட்டுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தம் பதிவாகாவிட்டாலோ, பழைய முதலாளியின் சம்மதம் இன்றி வேறிடத்துக்கு மாற முடியும். கட்டாரிலும் 2020இல் சட்டம் மாற்றப்பட்டு, முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் என்ற தடை நீக்கப்பட்டது. பழைய கபாலத் முறையைக் கண்டு திரும்பிய எமது மூத்தவர்கள் "அங்கே ஒன்றும் செய்ய ஏலாது, ஓடித்தான் தப்ப வேணும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி இன்று காலாவதியானது.

நாள் எண்ணுங்கள்

சவூதியில் வேலைத் தொடர்பு முடிந்து 12 மாதத்துக்குப் பின் வழக்கு ஏற்கப்படாது. கட்டாரிலும் ஒரு வருடம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு வருடமாக இருந்தது 2024இல் இரண்டு வருடமாக்கப்பட்டது. "ஊருக்குப் போய் ஆறுதலாகப் பார்க்கலாம்" என்று வந்தவருக்கு ஒரு நோன்பும் இரண்டு பெருநாளும் கடந்ததும் கதவு மூடப்பட்டுவிடும்.

முறைப்பாடு முதலில் தொழில் அமைச்சின் சமரசப் பிரிவுக்குப் போகும். தீராவிட்டால் சவூதியில் 2018 முதல் இயங்கும் தொழில் நீதிமன்றங்களுக்கும், கட்டாரில் அதே வருடம் ஆரம்பமான பிணக்குத் தீர்வுக் குழுக்களுக்கும் செல்லும். அங்கு வைக்க வேண்டிய சாட்சியம் எளியது: வங்கிக் கணக்குக் கூற்று, வேலை நேரத்தைக் காட்டும் படங்கள், வட்ஸ்அப்பில் மேற்பார்வையாளர் அனுப்பிய கட்டளைகள். சம்பளம் வங்கி மூலம் போடப்படுவதால் வராத மாதம் தானாகவே வெளிச்சத்துக்கு வருகின்றது. ஆனால் சில இடங்களில் ஏடிஎம் அட்டையை முதலாளியே வைத்துக்கொண்டு, போட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்துவிடுகிறார். அட்டையைக் கொடுத்தவருடைய கணக்குக் கூற்று அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். கடவுச்சீட்டும் அப்படியே. கட்டாரில் அதைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளிக்கு 25,000 றியால் வரை தண்டம் விதிக்கலாம்.

வீட்டுச் சாரதியாகவும் வீட்டுப் பணியாளராகவும் செல்வோருக்கு மேற்சொன்ன தொழிற் சட்டங்கள் அப்படியே பொருந்தா. அவர்களுக்குத் தனி விதிகள், தனி அலுவலகப் பிரிவுகள் உண்டு. 2021 சீர்திருத்தமும் அவர்களை உள்ளடக்கவில்லை. எமது பகுதியில் 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போவோர் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படித்தவர்கள் இதிலெல்லாம் அகப்பட மாட்டார்கள் என்று நினைக்கவும் வேண்டாம். ஆங்கிலம் கற்பிக்க மாலைதீவுக்குச் செல்லும் எமது பட்டதாரிகள் போலவே, சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று அழைப்பு வருவோரும் இருக்கிறார்கள். குவாங்சோவுக்கும் யிவூவுக்கும் கொள்முதலுக்குப் போய்வரும் வியாபாரிகளுக்குத் தெரியும், அவர்களுக்குக் கிடைப்பது 'எம்' விசா. அதில் வேலை செய்ய முடியாது. வேலைக்கு 'இசட்' விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். ஆங்கில ஆசிரியருக்கு அந்த அனுமதி பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பிரஜைகளுக்கே வழங்கப்படுகின்றது. "விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்று பாடசாலை சொன்னால், சீனத் தொழிற் சட்டம் அந்த ஆசிரியருக்குக் கைகொடுக்காது. அனுமதியுள்ளவருக்கோ நல்ல சட்டம் அது: முதலாளி கடவுச்சீட்டையோ வைப்புப் பணத்தையோ பிடித்து வைக்க முடியாது, மத்தியஸ்த சபையில் கட்டணமில்லை, ஒரு வருடத்துக்குள் முறையிட வேண்டும். 2021 ஜூலையில் தனியார் டியூஷனைச் சீன அரசு கட்டுப்படுத்தியபோது மூடப்பட்ட நிலையங்களில் சம்பளம் நிலுவையாக நின்றவர்களில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

இனி, கடையில் கடவுச்சீட்டு சேர்க்கும் எமது சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றமாகும். "நான் ஏஜன்சிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தேன், கொமிஷன் தந்தார்கள், அவ்வளவுதான்" என்பது பாதுகாப்பல்ல. பிணக்கு வரும்போது ஏஜன்சி கொழும்பில் இருக்கும். கடைக்காரர் பஸாரில், பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் தினமும் கடந்து போகும் வழியில் இருப்பார்.

பிணை நிற்பவர் கேட்டுப் பெற வேண்டியவை அதிகமில்லை. ஏஜன்சியின் அனுமதி இலக்கத்தைப் பணியகத்தின் இணையத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று வீட்டில். பதிவு செய்யாமல் போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதியும் இல்லை. வாக்குறுதிக்கு மாறான வேலை கிடைத்தால், அங்கிருப்பவர் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குச் செல்லும் அதே வாரத்தில், இங்கிருப்பவர் ஏஜன்சிக்கு எதிராகப் பணியகத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1989, எந்நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகங்களிலும் இதற்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஏஜன்சி, பணியகத்தின் கடிதத்துக்குக் காட்டும் மரியாதையை எமது தொலைபேசி ஏச்சுக்குக் காட்டாது. நாடு திரும்பியே ஆக வேண்டிய நிலை வந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அங்குள்ள தூதரகத்தில் அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் வழக்கை அவர் தொடரலாம். இங்கு வந்தபின் அதையே செய்வதற்கு மொழிபெயர்ப்பு, கொன்சியூலர் அலுவலக உறுதிப்படுத்தல், தூதரக முத்திரை என்று கொழும்புக்குப் பல பஸ் பயணங்கள் போக வேண்டிவரும்.