பானத்தில் கலக்கப்படும் மயக்கமருந்து

கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்திற்கும் அண்ணாமலை நகருக்கும் படிக்கச் செல்லும் பிள்ளைகளின் குடும்பத்தாருக்காக இதனை எழுதுகிறோம். அயலார் தரும் பிஸ்கட்டையும் தேநீரையும் ஏற்க வேண்டா என இரயில்வே நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. அதே சூழ்ச்சி விருந்துகளில், அறிந்தவர் கையாலேயே நிகழக்கூடும்.

பெரும்பாலும் கலக்கப்படுவது மதுவே, தூக்கமருந்துகளும் உண்டு. அருந்தியது சிறிதாயிருந்தும் நாக்குழறல், தள்ளாட்டம், அளவிறந்த உறக்கம் கண்டால் ஐயுற வேண்டும். ‘தூங்கி எழுந்தால் தெளியும்’ என்று அறையில் தனியே கிடத்திவிடுவதையே நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். வாந்தி மூச்சுக்குழலிற் புகுந்தால் உயிர் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனிருந்து, 108-ஐ அழையுங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாதீர்கள்.

சில மருந்துகள் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து அகன்றுவிடும். ஆகவே விரைந்து வந்து மாதிரி கொடுப்பது நன்று. எஞ்சிய பானத்தையும் கொட்டாதீர்கள்.

குற்றஞ்செய்யும் நோக்குடன் மயக்கமருந்து கொடுப்போருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவு 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோருக்கு அரசு, தனியார் என எம்மருத்துவமனையும் உடனே கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தாக வேண்டும். பெண்கள் உதவிக்கு 181. ‘ஏன் போனாய்?’ என்னும் வினாவைப் பெற்றோர் அன்று கேளாதிருப்பாராக. அவ்வச்சத்தாலேயே பலர் காலந்தாழ்த்தி வருகின்றனர்.