டிரைவர் அப்டேட் போட்டதும் ஸ்க்ரீன் இருட்டாயிடுச்சா? பவர் பட்டன்ல இருந்து கையை எடு!

கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஓடும்போது ஸ்க்ரீன் ரெண்டு மூணு தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியும். சில சமயம் ஒரு நிமிஷம் கறுப்பாவே நிக்கும். பழைய டிரைவரை இறக்கிட்டுப் புதுசை ஏத்துற நேரம் அது. அந்த நேரத்துல பதறிப்போய்ப் பவரை அணைச்சா, பாதி ஏறின டிரைவரோட மிஷின் மாட்டிக்கும். அதனால, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பொறு. லேப்டாப்னா சார்ஜரைச் சொருகி வை.

பத்து நிமிஷம் ஆகியும் இருட்டுதானா? சரி, வரிசையா வா.

1. கேப்ஸ் லாக் கீயைத் தட்டு. அந்தக் குட்டி விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுதா? அப்போ உள்ளே கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, படம்தான் வெளியே வரல. விளக்கு அசையலைன்னா மிஷினே உறைஞ்சிருக்கு. அப்போ மட்டும் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிச்சு அணைச்சு, திரும்பப் போடு.

2. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேர்த்து அழுத்து. ‘பீப்’னு ஒரு சத்தம் வந்து ஸ்க்ரீன் ஒரு தடவை மினுக்கும். டிரைவரை மட்டும் எழுப்பிவிடுற குறுக்குவழி இது. திறந்து வச்ச ஃபைல் எதுவும் போகாது. பாதிப் பேருக்கு இது தெரியாது, அதனாலதான் எடுத்த எடுப்புல கடைக்கு ஓடுறாங்க.

3. டிவியோ ரெண்டாவது மானிட்டரோ எப்பவாவது மாட்டினியா? படம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். விண்டோஸ் கீயோட பி (P) அழுத்தி, கீழ்அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, என்டர் கொடு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு மறுபடி செய். டெஸ்க்டாப்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா, கேபிள் அந்தக் கார்டுலதான் இருக்கணும். மேலே மதர்போர்டு ஓட்டையில சொருகி வச்சுட்டு டிரைவரைத் திட்டாதே.

4. கறுப்புத் திரையில மவுஸ் அம்பு மட்டும் தெரிஞ்சா சந்தோஷப்படு, பெரும்பாலும் டிரைவர் வேலை செய்யுது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. புது டாஸ்க் ஓட்டுற இடத்துல எக்ஸ்ப்ளோரர்னு ஆங்கிலத்துல அடிச்சு என்டர் தட்டினா டெஸ்க்டாப் வந்துடும்.

இதெல்லாம் செஞ்சும் வரலைன்னா, அணைச்சுப் போடும்போது கண்ணை எடுக்காம திரையைப் பாரு. கம்பெனி லோகோ வருதா? அந்த லோகோவுக்கு விண்டோஸோட டிரைவர் தேவையே இல்லை. லோகோ வந்து, அதுக்கப்புறம் இருட்டினா பெரும்பாலும் டிரைவர்தான் குற்றவாளி, நீயே சரிபண்ணலாம். லோகோவே வரலைன்னா கேபிள், மானிட்டர், கார்டு மேல சந்தேகப்படு. டிரைவரோட மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதே.

டிரைவர்னு தெரிஞ்சாச்சுன்னா, அடிப்படை டிரைவரோட மட்டும் விண்டோஸ் ஓடுற சேஃப் மோடுக்குப் போகணும். எஃப்8 தட்டிக்கிட்டு உட்காராதே, அது பழைய விண்டோஸ் 7 காலத்துப் பழக்கம். விண்டோஸ் லோகோ வந்ததும் பவரை அழுத்திப் பிடிச்சு அணை. இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சா, அடுத்த தடவை ரிப்பேர் திரை தானா வரும். (அப்டேட் இத்தனை சதவீதம்னு எண் ஓடுற நேரத்துல மட்டும் இதைச் செஞ்சிடாதே.) ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அப்புறம் எண் 4.

நடுவுல பிட்லாக்கர்ங்கிற டிஸ்க் பூட்டு 48 இலக்க எண் கேட்டா மிரளாதே. ஃபோன்ல உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள்ள போய்ப் பாரு, பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆபீஸ் லேப்டாப்னா ஐடி ஆளைக் கூப்பிடு.

சேஃப் மோடுல எழுத்தெல்லாம் பெருசா, அசிங்கமா தெரியும். அது போகட்டும். ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர், அதுல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். உன் கார்டு பேர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின டிரைவர் திரும்ப வந்து உட்காரும். அந்தப் பட்டன் மங்கலா இருந்தா அன்இன்ஸ்டால் கொடு, டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்ற கட்டத்துல டிக் போடு. அதுக்கு முன்னாடி மறக்காம வைஃபை ரவுட்டரை அணை. இல்லைன்னா விண்டோஸ் அதே டிரைவரை மறுபடி இறக்கி வச்சு உன்னைப் பழைய இடத்துலயே நிறுத்தும்.

யாராவது “ஃபார்மட் போட்டுடலாம்”னு சொன்னா, அந்த இடத்தை விட்டு எழுந்து வா. எங்க வீட்டு லேப்டாப்புக்கு இதே கோளாறுதான் வந்துச்சு. அவசரத்துல ஒரு கடையில கொடுத்தேன். கேட்காமலே ஃபார்மட் பண்ணிக் கொடுத்தாங்க. என் பொண்ணோட முதல் ரெண்டு வருஷத்துல எடுத்த ஃபோட்டோ அத்தனையும் போச்சு. இப்போ நினைச்சாலும் வயிறு எரியுது. ரோல் பேக்குக்கு இருபது நிமிஷம் போதும்னு அன்னிக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்ல. கடைக்கே போகவேண்டி வந்தாலும், “டேட்டாவைத் தொடக்கூடாது”ன்னு பில்லுலயே எழுதி வாங்கு.

அடுத்த தடவைக்கு:

• ஜூம், டாலி, பிள்ளைங்க வகுப்பு, இவ்வளவுதான் வேலைன்னா ஒழுங்கா ஓடுற டிரைவரை நோண்டாதே. புது கேம் ஆடுறவங்களுக்கும் வீடியோ எடிட் பண்றவங்களுக்கும்தான் அவசரம்.

• லேப்டாப்புக்கு அதைச் செஞ்ச கம்பெனி தளத்துல, உன் மாடலுக்குன்னு இருக்கிற டிரைவரை எடு. இன்டெல் ஒண்ணு, என்விடியா ஒண்ணுன்னு ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கிற லேப்டாப்ல கண்டதைப் போட்டா வம்பு.

• “எல்லா டிரைவரும் இலவசமா அப்டேட்”னு வர்ற சாஃப்ட்வேர் பக்கமே போகாதே.

• போடுறதுக்கு முன்னாடி ரீஸ்டோர் பாயின்ட் ஒண்ணு உருவாக்கு. ரெண்டு நிமிஷம் ஆகும்.

• காலையில மீட்டிங் வச்சுக்கிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அப்டேட் போடாதே. சனிக்கிழமை பகல்ல, கரன்ட் இருக்கிற நேரமாப் பார்த்துப் போடு.

• லேப்டாப் அடியில ஒட்டியிருக்கிற மாடல் எண்ணை இப்பவே ஃபோன்ல ஒரு படம் எடுத்து வை.